குடும்பமும் குடித்தனமும்: கணக்கெடுப்பு எதை எண்ணுகிறது?

'குடும்பங்கள் சுருங்குகின்றன', 'தனியாக வாழ்பவர்கள் பெருகிவிட்டார்கள்', 'கல்யாணங்களில் பாதி முறிந்துபோகின்றன'. எந்த நாட்டில் கணக்கெடுப்பு முடிவுகள் வெளிவந்தாலும் இப்படிச் சில தலைப்புகள் கூடவே வந்துவிடும். படித்துவிட்டு ஒருவர் குடும்ப அமைப்பே சரிகிறது என்று கவலைப்படுவார். இன்னொருவர் நல்லதுதானே என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே எண்தான். அது எதை எண்ணியதால் கிடைத்தது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான நேரம் அது குடும்பத்தை எண்ணிக் கிடைத்ததே இல்லை.

## ஒரே கூரை, இரண்டு அடுப்பு

சமூகவியல் இரண்டு தனித்தனிக் கருத்துகளாக வைத்திருப்பதை நம் செய்திகளும் படிவங்களும் பல நேரம் 'குடும்பம்' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பேச்சுத் தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. 'மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான்' என்றால் அவன் குடும்பத்தை விட்டே போய்விட்டான் என்று யாரும் நினைப்பதில்லை. அடுப்பு வேறாயிற்று, அவ்வளவுதான். அந்தப் பழைய சொல்லையே இங்கேயும் வைத்துக்கொள்வோம்.

1. குடும்பம்: பிறப்பு, திருமணம், தத்து ஆகியவற்றால் கட்டப்பட்டவர்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமையும் கடமையும் உண்டு. சேர்ந்து வசிக்க வேண்டும் என்பதில்லை. மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தாலும் குடும்பம் குடும்பம்தான்.
2. குடித்தனம்: ஓரிடத்தில் தங்கி, அன்றாடச் சாப்பாட்டையும் செலவையும் சேர்ந்து பார்த்துக்கொள்பவர்கள். உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. தனியாக இருக்கும் ஒருவரும் ஒரு குடித்தனம்தான்.
3. உறவுமுறை: யார் யாருக்கு என்ன முறை, யார் சொத்து யாருக்குப் போகும், யார் யாரை மணக்கலாம், கூடாது என்பதையெல்லாம் சொல்லும் பெரிய வலை. குடும்பம் அதில் விழுந்திருக்கும் ஒரு முடிச்சு.

குடித்தனத்தை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரே முறை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு ஐக்கிய நாடுகள் அவை தரும் வழிகாட்டுதல் இரண்டு வழிகளைச் சொல்கிறது. சாப்பாட்டுக்கும் அடிப்படைத் தேவைகளுக்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்பவர்களை ஒரு குடித்தனமாகக் கொள்வது ஒன்று. ஒரு வசிப்பிடத்தில் இருக்கும் எல்லோரையும் ஒரே குடித்தனமாகக் கொள்வது இன்னொன்று. முதலாவது அடுப்பை எண்ணுகிறது, இரண்டாவது வாசற்கதவை.

கணக்கெடுப்பாளர் ஒரு வீட்டு வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வயதான பெற்றோர், மாடியில் மகன், மருமகள், பேரன். சமையல் தனித்தனி, வாசல் ஒன்று. அடுப்பை எண்ணும் நாட்டில் இங்கே இரண்டு குடித்தனம் பதிவாகும்: பிள்ளைகள் இல்லாத முதிய தம்பதி ஒன்று, ஒரு தனிக்குடும்பம் ஒன்று. கதவை எண்ணும் நாட்டில் அதே வீடு மூன்று தலைமுறைக் கூட்டுக்குடும்பம். பேரன் பாதி நாள் கீழேதான் சாப்பிடுகிறான் என்பதைக் கேட்கப் படிவத்தில் இடமே இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பும் அப்பாவின் நிலைமை இன்னும் விசித்திரம். வீட்டுச் செலவு முழுக்க அவர் பணத்தில் நடக்கலாம். எந்தப் பள்ளி, எந்த வீடு என்பதை அவர் தொலைபேசியில் முடிவு செய்யலாம். நீண்ட காலம் வெளியே இருந்தால் குடித்தனப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. தாயும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடு என்று பதிவாகி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒற்றைப் பெற்றோர் குடித்தனமாகத் தெரியும்.

## இலக்கணம் எழுதினால் உடனே விதிவிலக்கு

இந்த இரண்டையும் ஒன்றாக்கியதில் ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. அமெரிக்க மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 250 சமூகங்களைப் பற்றிய தகவல்களை ஒப்பிட்டு 1949-இல் குடும்பத்துக்கு ஓர் இலக்கணம் சொன்னார். சேர்ந்து வசித்தல், பொருளாதாரத்தில் ஒத்துழைத்தல், பிள்ளை பெறுதல் ஆகிய மூன்றும் அதன் கால்கள். பாலுறவை ஒழுங்குபடுத்துவது, இனப்பெருக்கம், பொருளாதாரம், பிள்ளைகளைப் பழக்குவது ஆகிய நான்கும் அதன் பணிகள். இப்படி ஓர் அமைப்பு எல்லாச் சமூகங்களிலும் உண்டு என்பது அவர் முடிவு.

'சேர்ந்து வசித்தல்' என்பதை இலக்கணத்துக்குள்ளேயே வைத்ததுதான் சிக்கல். குடித்தனத்தின் அடையாளத்தை எடுத்துக் குடும்பத்தின் நெற்றியில் ஒட்டியாயிற்று. எதிர் உதாரணங்கள் வரத் தாமதமாகவில்லை. இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகளில் அந்தக் காலத்தில் குழந்தைகள் தனிக் குழந்தை இல்லங்களில் தூங்கி வளர்ந்தார்கள். சமையலும் சாப்பாடும் பொது. மாலையில் சில மணி நேரம்தான் பெற்றோருடன். அங்கே பொருளாதாரக் குழு மொத்தப் பண்ணைதான். இதைக் குடும்பம் என்பதா என்று மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1954-இல் கேட்டார். பிறகு அவரே தன் வாதத்தைத் தளர்த்திக்கொண்டாலும் கேள்வி தங்கிவிட்டது. கேத்லீன் கஃப் 1959-இல் எழுதிய கட்டுரையில் காட்டிய உதாரணம் இன்னும் கூர்மையானது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தைய மலபாரின் நாயர் தறவாடுகளில் (தாய்வழிக் கூட்டு வீடுகளில்) கணவன் இரவில் வந்து போகிறவன். அவன் வாழ்வது தன் தாயின் வீட்டில். குழந்தைகளை வளர்ப்பதும் அதிகாரம் செலுத்துவதும் தாயின் சகோதரர்கள். திருமணம் உண்டு, தந்தைக்குச் சமூக அங்கீகாரமும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்த குடித்தனம் மட்டும் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1950-களில் பட்டியலைச் சுருக்கினார். பள்ளி, ஆலை, மருத்துவமனை எல்லாம் பல வேலைகளை எடுத்துக்கொண்ட பிறகும் குடும்பத்திடம் இரண்டு வேலை மிஞ்சுகின்றன என்றார்: குழந்தைக்கு ஆரம்பப் பண்பாட்டைப் புகட்டுவது, பெரியவர்களின் மனநிலையைச் சமநிலையில் வைத்திருப்பது. தொழில்மயச் சமூகத்துக்கு வேலை இருக்கும் ஊருக்கு நகரும் ஆட்கள் தேவை. அதற்குச் சிறிய தனிக்குடும்பம்தான் பொருந்தும் என்பது இதோடு சேர்ந்த வாதம். மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸ் 1884-இலேயே வேறு கோணத்தில் பேசியிருந்தார்: ஒருதார மணம் உறுதிப்பட்டதே தனிச்சொத்தைத் தன் பிள்ளைக்குக் கடத்தத்தான் என்று. இரண்டு பேருக்கும் ஆகாது என்றாலும் ஒரு பழக்கம் பொது. பொருளாதாரம் மாறினால் குடும்பம் பின்னாலேயே மாறும் என்று இருவருமே நேர்கோடு போட்டார்கள்.

இந்தக் கோட்டிலிருந்துதான் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதை வந்தது: முன்பெல்லாம் பெரிய கூட்டுக்குடும்பம், ஆலைகள் வந்தன, குடும்பம் உடைந்து தனித்தனியாயிற்று.

## பழைய பதிவேடுகளைத் திறந்து பார்த்தபோது

கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லெட் இந்தக் கதையைச் சரிபார்க்கக் கிளம்பினார். 1574 முதல் 1821 வரையிலான காலத்தில் இங்கிலாந்தின் நூறு ஊர்களில் கிடைத்த குடியிருப்போர் பட்டியல்களை எடுத்து எண்ணினார். குடித்தனத்தின் சராசரி அளவு 4.75 பேர். அதிலும் வேலைக்காரர்கள் சேர்த்தி. பெற்றோர், பிள்ளைகள் தவிர வேறு உறவினர் இருந்த குடித்தனங்கள் ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆக, ஆலைகள் வருவதற்கு முன்பே அங்கே சிறிய குடித்தனம்தான் வழக்கம்.

அடுத்து மைக்கேல் ஆண்டர்சன் பிரெஸ்டன் என்ற பஞ்சாலை நகரின் 1851 கணக்கெடுப்பை எடுத்தார். பார்சன்ஸ் சொன்னது சரியென்றால் அங்கே கூடுதல் உறவினர் இன்னும் குறைந்திருக்க வேண்டும். இருந்ததோ 23 விழுக்காடு குடித்தனங்களில். காரணம் பாசம் மட்டும் இல்லை. வாடகையைப் பங்கு போட ஆள் வேண்டும். இளம் தாய் ஆலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி வேண்டும். பெற்றோரை இழந்த அண்ணன் மகனுக்குத் தங்க இடம் வேண்டும். அரசு உதவி பெயரளவுக்கே இருந்த காலத்தில் உறவினர்தான் காப்பீடு.

ஆனால் லாஸ்லெட்டின் முறையிலும் ஓட்டை உண்டு என்று காட்டியவர் லூட்ஸ் பெர்க்னர். 18-ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய விவசாயக் குடித்தனங்களை அவர் தலைவரின் வயதுப்படி பிரித்தார். தலைவர் இளைஞராக இருந்த வீடுகளில் வயதான பெற்றோர் கூட இருப்பது சகஜம். தலைவர் நடுவயதைத் தொட்ட வீடுகளில் அவர்கள் இல்லை. காரணம் எளிது: இறந்துவிட்டார்கள். ஒருநாள் கணக்கெடுப்பு என்பது ஒரு புகைப்படம். குடும்பமோ ஓடிக்கொண்டிருக்கும் படம். இதைக் குடித்தனத்தின் வளர்ச்சிச் சுழற்சி என்று மானுடவியலாளர்கள் 1950-களிலிருந்தே சொல்லிவந்தார்கள்.

இதன் வீச்சு புரிய ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் எல்லோருக்கும் 25 வயதில் திருமணம், 30 வயதில் ஒரு மகன், 70 வயதில் மரணம். மகன் ஒருபோதும் பெற்றோரை விட்டுப் பிரிவதில்லை.

1. ஒருவர் மணம் முடிக்கும்போது அவருடைய பெற்றோருக்கு வயது 55. அவருக்கு 40 ஆகும்போது அவர்கள் இறக்கிறார்கள். இந்த 15 ஆண்டுகள் வீட்டில் இரண்டு தம்பதிகள்.
2. அவருக்கு 40 முதல் 55 வரை, அதாவது மகனுக்குத் திருமணம் ஆகும்வரை, வீட்டில் ஒரு தம்பதியும் மகனும் மட்டும்.
3. 55-இல் மருமகள் வந்ததும் சுழற்சி மறுபடி தொடங்குகிறது.

எந்த நாளில் எண்ணினாலும் அந்த ஊரில் ஏறக்குறையப் பாதிக் குடித்தனங்கள் 'தனிக்குடும்பம்' என்றே பதிவாகும். ஒருவர்கூடப் பிரிந்து போகவில்லை! ஆயுளை 60 ஆக்கினால் 30 ஆண்டுச் சுழற்சியில் ஐந்தே ஆண்டுகள்தான் கூட்டாக இருக்க முடியும். 80 ஆக்கினால் 25 ஆண்டுகள். மக்களின் மனதில் எதுவும் மாறாமலே, மரண வயது மட்டும் மாறி, 'கூட்டுக்குடும்பம்' ஆறில் ஒன்றிலிருந்து ஆறில் ஐந்துக்குப் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் மூன்று தலைமுறையாக வாழ்ந்தார்கள் என்பவர்கள், அந்தக் காலத்தில் மூன்று தலைமுறை ஒரே நேரத்தில் உயிரோடு இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

1985-இல் ராபர்ட் செஸ்டர் பிரிட்டனைப் பற்றி இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டார். பெற்றோரும் சிறு பிள்ளைகளும் கொண்ட குடித்தனங்கள் அங்கே சிறுபான்மையாகிவிட்டன என்று பரபரப்பு. அவர் கேட்டது: இன்று அப்படி வாழாதவர்களில் எத்தனை பேர் முன்பு அப்படி வாழ்ந்தவர்கள், எத்தனை பேர் இனிமேல் வாழப்போகிறவர்கள்?

## வகைப்பெயர்கள்

எது உறவின் வகை, எது வசிப்பிடத்தின் வகை என்று பிரித்துப் பார்த்தால் இந்தப் பெயர்கள் சுலபம்.

1. தனிக்குடும்பம்: ஒரு தம்பதி, மணமாகாத பிள்ளைகள்.
2. விரிந்த குடும்பம்: அதோடு வேறு உறவினரும். தாத்தா பாட்டி சேர்ந்தால் மேல்நோக்கி விரிவு. அண்ணன் தம்பி தம்பதிகள் சேர்ந்தால் பக்கவாட்டில் விரிவு. பெற்றோருடன் ஒரு வாரிசு மட்டும் தங்கி, மற்றவர்கள் வெளியேறிவிடுவது தண்டுக் குடும்பம்.
3. மறுகட்டமைந்த குடும்பம்: முந்தைய மணத்துப் பிள்ளைகளோடு புதிய மணம்.
4. தனித்தனி வீட்டுத் துணை: தம்பதியாகவே வாழ்ந்தாலும் இருவருக்கும் தனித்தனிக் குடித்தனம். கணக்கெடுப்பில் இவர்கள் 'தனியாக வாழும் இருவர்'.
5. திரிந்த விரிகுடும்பம்: யூஜின் லிட்வாக் 1960-இல் எடுத்துக்காட்டியது. வீடுகள் வேறு, ஊர்கள் வேறு. ஆனால் பணம், குழந்தை பராமரிப்பு, வேலைக்குச் சிபாரிசு எல்லாம் உறவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவதுதான் இன்றைய வாழ்க்கைக்கு மிகவும் நெருக்கமானது என்பது என் கணிப்பு. கணக்கெடுப்பின் கண்ணில் சுத்தமாகப் படாததும் அதுதான்.

## எண் எங்கே ஏமாற்றும்?

1. குடித்தனங்களின் விழுக்காடு வேறு, மனிதர்களின் விழுக்காடு வேறு. ஜெர்மனி, பின்லாந்து போன்ற நாடுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்ட குடித்தனங்கள் ஒற்றை ஆள் குடித்தனங்கள். உடனே 'நாற்பது விழுக்காட்டினர் தனியாக வாழ்கிறார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். நூறு குடித்தனங்களில் 40-இல் ஒவ்வொருவர், 60-இல் மும்மூன்று பேர் என்று வையுங்கள். மொத்தம் 220 பேர்; தனியாக இருப்பவர்கள் 40 பேர்; அதாவது 18 விழுக்காடு. கூட்டுக்குடும்ப விஷயத்தில் இதே பிழை எதிர்த்திசையில் நடக்கும். பத்துக் குடித்தனங்களில் எட்டில் நாலு நாலு பேர், இரண்டில் ஒன்பது ஒன்பது பேர் என்றால், குடித்தனங்களில் 20 விழுக்காடுதான் கூட்டு. மனிதர்களிலோ 36 விழுக்காட்டினர் அங்கே வாழ்கிறார்கள். இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்த ஏ. எம். ஷா போன்றவர்கள் குடும்பத்தையும் குடித்தனத்தையும் கறாராகப் பிரிக்கச் சொன்னது இந்த மாதிரி வழுக்கல்களால்தான்.

2. சராசரி அளவு குறைந்தால் காரணம் பல. பிள்ளைகள் குறைந்திருக்கலாம். துணையை இழந்த முதியவர்கள் நீண்ட காலம் தனியாக வாழ்ந்துகொண்டிருக்கலாம். இளைஞர்கள் வேலைக்காகத் தனி அறை எடுத்திருக்கலாம். மணமுறிவு கூடியிருக்கலாம். வீடு மலிவாகி, பிரிய நினைத்தவர்களுக்கு வசதி கிடைத்திருக்கலாம். 'குடும்பப் பற்று குறைந்தது' என்பது இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று சராசரியை வைத்துச் சொல்ல முடியாது.

3. பாதிக் கல்யாணங்கள் முறிகின்றன என்ற கணக்கு. ஒரு வருடத்து விவாகரத்துகளை அதே வருடத்துத் திருமணங்களால் வகுத்துக் கிடைப்பதுதான் பெரும்பாலும் இது. 10,000 திருமணம், 5,000 விவாகரத்து என்றால் 50 விழுக்காடு. அந்த 5,000 ஜோடிகள் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் எப்போதோ மணந்தவர்கள். இந்த வருடத்து மணமக்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வருடம் பலர் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு 8,000 திருமணங்கள்தான் நடந்தால், கூடுதலாக ஒரு ஜோடிகூடப் பிரியாமல் விகிதம் 62.5 ஆகிவிடும். ஆயிரம் மணமானவர்களுக்கு எத்தனை விவாகரத்து என்பது இதைவிட நேர்மையான அளவு. குறிப்பிட்ட ஆண்டில் மணந்தவர்களைத் தொடர்ந்து கவனிப்பது எல்லாவற்றிலும் மேல், பொறுமைதான் வேண்டும். சட்டத்தையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1969-இல் இயற்றிய விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1971-இல் நடைமுறைக்கு வந்ததும் எண்ணிக்கை எகிறியது. அதற்கு முன்பே பிரிந்து கிடந்தவர்கள் காகிதம் வாங்கிக்கொண்டதும் அதில் சேர்த்தி.

4. கருவள விகிதம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை என்பது தலைமுறையை ஈடுசெய்யும் அளவு. பெண்கள் குழந்தை பெறுவதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டாலே, கடைசியில் அதே எண்ணிக்கை பெற்றாலும், இடைப்பட்ட காலத்தில் இந்த விகிதம் விழுந்து தெரியும்.

## கதவுக்கு உள்ளே யார், எவ்வளவு?

இதுவரை குடித்தனத்தை வெளியே நின்று எண்ணினோம். பொருளாதார வல்லுநர்கள் நெடுங்காலம் உள்ளே போகவே இல்லை. குடித்தனம் ஒரே மனது, ஒரே பை என்று வைத்துக்கொண்டு மாதிரிகள் போட்டார்கள். கேரி பெக்கரின் குடும்பப் பொருளியல் அதில் பேர்போனது. ஒரே கூரைக்குக் கீழே ஒத்துழைப்பும் மோதலும் சேர்ந்தே நடக்கின்றன, வெளியே போனால் பிழைக்க வழி இருப்பவருக்கு உள்ளே பேரம் பேசும் பலம் கூடும் என்பது அமர்த்தியா சென்னின் மறுமொழி.

ஒரே பை என்பது உண்மையா என்று சோதிக்க பிரிட்டனில் தற்செயலாக ஒரு வாய்ப்பு வந்தது. 1970-களின் இறுதியில், அதுவரை பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தில் வரிச்சலுகையாகச் சேர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கான உதவி, தாயின் கையில் நேரடிப் பணமாக மாற்றப்பட்டது. ஒரே பையாக இருந்தால் எந்தக் கையில் பணம் வந்தாலும் செலவு மாறக் கூடாது. லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-இல் செலவுத் தரவுகளை அலசியபோது, ஆண்களின் உடைகளோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகளின் உடைகளுக்கான செலவு கூடியிருந்தது. வீடும் அதே, தொகையும் ஏறக்குறைய அதே, மாறியது கை.

வேலைப் பங்கீட்டிலும் இப்படித்தான், கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விடை வேறாகிவிடும். 1973-இல் மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் இருவரும் லண்டன் ஆய்வொன்றை வைத்துச் சமச்சீர் குடும்பம் உருவாகிறது என்றார்கள். 72 விழுக்காடு கணவர்கள் வீட்டு வேலையில் கை கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் ஆதாரங்களில் ஒன்று. ஆன் ஓக்லி அந்தக் கேள்வியைப் புரட்டிப் பார்த்தார். பாத்திரம் கழுவுவது தவிர வேறு ஏதாவது ஒரு வேலையை வாரத்துக்கு ஒருமுறை செய்தாலே அந்த 72-இல் இடம் கிடைத்துவிடும். ஒரு சனிக்கிழமை குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போனால் போதும். ஓக்லி 1970-களில் 40 இல்லத்தரசிகளை நேர்கண்டபோது அவர்களுடைய வீட்டு வேலை சராசரியாக வாரத்துக்கு 77 மணி நேரம். வீட்டு வேலையையும் ஒரு வேலையாக எடுத்து ஆராய்ந்த முதல் சில முயற்சிகளில் அது ஒன்று.

பெண்கள் சம்பள வேலைக்குப் போன பிறகு நடந்ததை ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1989-இல் 'இரண்டாவது ஷிஃப்ட்' என்றார். அலுவலகம் முடிந்து வீட்டில் தொடங்கும் ஷிஃப்ட். கடிகாரத்தில் சிக்காத ஒன்றும் உண்டு. குழந்தையின் தடுப்பூசித் தேதி நெருங்குகிறதே என்று நினைவில் வைப்பது, எங்கே போகலாம் என்று விசாரிப்பது, முடிவெடுப்பது, போட்டாயிற்றா என்று பார்ப்பது. ஆலிசன் டாமிங்கர் 2019-இல் இந்த மனவேலையை முன்கூட்டி உணர்தல், வழி தேடுதல், முடிவெடுத்தல், கண்காணித்தல் என்று நான்காகப் பிரித்தார். முடிவெடுக்கும் கட்டத்தில் தம்பதிகள் ஓரளவு சேர்ந்தே உட்கார்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடம் விழுகின்றன. 'சொன்னால் செய்வேனே' என்ற வாக்கியத்தில், சொல்வதே ஒரு வேலை என்பது மறைந்துபோகிறது.

படிவத்தில் இருக்கும் 'தலைவர்' என்ற கட்டமும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். பெயர் ஒன்றைப் போட்டு மற்றவர்களை அவருக்கு என்ன முறை என்று எழுதுவது கணக்கெடுப்புக்கு வசதி. ஆனால் முதல் பெயர் ஆணுடையதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்பு 1980-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டு, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது.

## சட்டமும் பணமும் இந்த எல்லைக்கோட்டில்தான்

வறுமையை அளப்பது குடித்தன அளவில். நாலு பேருக்கு ஒருவரைப் போல நான்கு மடங்கு செலவு ஆவதில்லை. கூரையும் விளக்கும் பொது. அதனால் ஆட்களுக்கு எடை கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.3. தம்பதியும் இரண்டு குழந்தைகளும் என்றால் 2.1. அவர்கள் பிரிந்து, ஒருவர் குழந்தைகளோடு இருந்தால் அந்த வீட்டுக்கு 1.6, மற்றவருக்கு 1, ஆக 2.6. பழைய வாழ்க்கைத் தரத்தை அப்படியே வைத்திருக்க ஏறக்குறைய 24 விழுக்காடு கூடுதல் வருமானம் தேவை. மணமுறிவுக்குப் பிறகு வறுமைக் கோட்டுக்குக் கீழே போகிறவர்கள் பலர் என்பதில் ஒரு பகுதி இந்த எளிய கணக்கு. மிச்சத்தை யார் குழந்தைகளை வைத்துக்கொள்கிறார், யார் வேலையை விட்டிருந்தார் என்பவை தீர்மானிக்கின்றன.

இந்த அளவுகோல் இன்னொன்றையும் சத்தமில்லாமல் நம்பிக்கொள்கிறது: உள்ளே வந்த பணம் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேர்கிறது என்று. மேலே பார்த்த பிரிட்டிஷ் ஆய்வுக்குப் பிறகு அதை நம்புவது கடினம். வசதியான வீட்டுக்குள் ஓர் ஏழை இருக்க முடியும். எந்த வறுமைப் பட்டியலிலும் அவர் பெயர் வராது.

## செய்வதுதான் குடும்பமா?

யார் யார் குடும்பம் என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, என்ன செய்வதால் குடும்பமாகிறார்கள் என்று பாருங்கள் என்றார் டேவிட் மார்கன் 1996-இல். பள்ளிக்கு விடுவது, மருந்து வாங்கித் தருவது, இரவு வரும்வரை விழித்திருப்பது போன்றவை அவருக்குக் 'குடும்பச் செயல்கள்'. அவற்றைச் செய்தால் மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்கும் குடும்பம் என்று தெரியும்படி காட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது என்று ஜேனட் ஃபிஞ்ச் 2007-இல் சேர்த்தார். வழக்கமான வார்ப்பில் பொருந்தாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டாயம் அதிகம். வளர்ப்புத் தந்தை, பள்ளிக் கூட்டத்தில் தான் யார் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். பெற்ற தந்தைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பார்வை ரொம்பவே தளர்வானது, நண்பர்கள் கூட்டத்துக்கும் குடும்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சொத்து, வாரிசு, மருத்துவமனையில் கையெழுத்து போன்ற இடங்களில் சட்டத்துக்குப் பட்டியல் தேவைப்படுகிறது, 'செயல்' போதவில்லை. ஆனால் குடித்தனத்தை வைத்துப் போடும் பட்டியலும் அங்கே போதவில்லை.

பிரிந்த பெற்றோருக்கு நடுவே மாறி மாறி வாழும் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு. ஒரே ஆளை இரண்டு முறை எண்ண முடியாது என்பதால் கணக்கெடுப்பு அவர்களை ஏதாவது ஒரு முகவரியில் எழுதும். அது அம்மாவின் முகவரி என்றால், அங்கே ஓர் ஒற்றைப் பெற்றோர் குடித்தனம். அப்பாவின் வீட்டிலோ இரண்டு சின்னக் கட்டில்கள், அலமாரியில் பாதி அவர்களின் உடைகள், குளியலறையில் மூன்று பல்துலக்கி. படிவத்தில் அவர் தனியாக வாழும் ஒருவர்.